அமைதிப் பாதை அன்பர்

உலகத்தில் பல வகை அன்பர்கள் உண்டு. நாய் அன்பர், நாடக அன்பர், பழைய நாணய அன்பர் என்று. இவர்களால் பிறருக்கு வரும் தொல்லைக்கு ஓர் எல்லை இருக்கிறது. நான் அறிமுகப்படுத்தப் போகிறவர் வேறு இனம். பிரான்ஸில், எங்கள் தென் பர்கண்டிப் பக்கத்தில் ஏப்ரலில் செர்ரி பூக்கும்போது வெளியே வந்து, இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர்கள் துப்பாக்கியோடு காட்டுக்குள் இறங்கும்போது வீட்டுக்குள் போய்விடும் ஓர் உயிர். இரண்டு சக்கரத்தில் நகரும். பளிச்சென்று மஞ்சள் சட்டை போட்டிருக்கும். அமைதியை விரும்பும். அந்த விருப்பத்தை ஊர் கேட்கச் சொல்லும். அமைதிப் பாதை அன்பர் என்று இதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

இந்த இனம் வாழும் இடம் பசும்பாதை. ஒரு காலத்தில் எங்கள் பக்கம் ஓடிய சின்ன ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்தத் தடத்தின்மேல் வழவழவென்று தார் போட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் என்று விட்டிருக்கிறார்கள். கார் வராது, லாரி வராது, மோட்டார் சைக்கிள் வராது. வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை மாடுகள் நின்று பார்க்கும். ரயில் ஏறிய பாதை என்பதால் ஏற்றம் இருப்பதே தெரியாது. அன்பருக்கு மட்டும் தெரியும். அவர் அதை மலைக்கணவாய் என்பார்.

உதாரணத்துக்கு என் பக்கத்து வீட்டு ரெஜிஸ் புவாசோவை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரான கர்மொனின் சைக்கிள் சங்கத்துக்குத் தலைவர். இந்த நாட்டில் மூன்று பேர் ஒன்றாகக் காப்பி குடித்தால் அது ஒரு சங்கம் ஆகிவிடும். ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர், ஒருவர் பொருளாளர். நாலாவதாக ஒருவர் வந்தால்தான் உறுப்பினர் என்று ஒருவர் கிடைப்பார். கர்மொன் சங்கத்துக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் உறுப்பினர்கள் இருந்தார்கள் என்றால் அது ரெஜிஸின் திறமைதான். முப்பது வருஷம் பக்கத்தில் குடியிருந்த பாவத்துக்கு நானும் அதில் ஒருவன்.

பசும்பாதை தொடங்கும் பழைய ரயில் நிலையம் எங்கள் தெருவிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். ரெஜிஸ் அங்கே எப்படிப் போவார் என்று நினைக்கிறீர்கள்? காரில்தான். அதற்கு முன் ஒரு பூசை நடக்கும். காரின் பின்பக்கம் ஒரு இரும்புத் தாங்கியை மாட்டி, அதில் இரண்டு சைக்கிளையும் ஏற்றி, இதற்குப் பட்டை, அதற்குப் பட்டை, பட்டைக்கு ஒரு பட்டை என்று இழுத்துக் கட்டுவார். அவர் மனைவி ஜோஸெத் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"அந்தப் பட்டையை அந்தப் பக்கம் விடு!"

"எந்தப் பக்கம்?"

"நான் பார்க்கிற பக்கம்!"

"நீ வானத்தைப் பார்க்கிறே, ரெஜிஸ்."

இந்த நேரத்துக்குள் ஒரு தடவை போய்விட்டே வந்திருக்கலாம். நான் ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன், சைக்கிளை விடப் போவதற்குச் சைக்கிளிலேயே போனால் என்ன என்று. என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நடுவுல ரோடு இருக்குல்ல? ரோட்டுல காரு போகுதுல்ல? உயிருன்னா உங்களுக்கு விளையாட்டா?"

நியாயம்தானே. அந்த ரோட்டில் போகும் கார்களில் பாதி, பின்னால் சைக்கிள் கட்டிக்கொண்டு பழைய ரயில் நிலையத்துக்குப் போகிறவை என்பதை நான் சொல்லவில்லை. அண்டை வீடு, தினமும் முகத்தில் விழிக்க வேண்டும்.

பாதையில் இறங்கிவிட்டால் அன்பர் வேறு மனிதர். ஒரு மைல் போவதற்குள் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்துவார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, விரலை உதட்டில் வைத்து, கண்ணை மூடுவார். "கேட்குதா?" என்பார். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. "அதான்! ஒண்ணுமே கேட்கலை பாருங்க! இதைத்தான் நான் சொல்றேன்!" என்று ஆரம்பித்து, அந்த ஒன்றுமே கேட்காத நிலையின் பெருமையை, அது பாரிஸில் கிடைக்காததை, தன் இரத்த அழுத்தத்துக்கு அது செய்த நன்மையை, டாக்டரே வியந்துபோனதை, அடுத்த நிறுத்தம் வரை விடாமல் சொல்லிக்கொண்டு வருவார். வேலியோரத்துக் குயில் வாயைத் திறக்க இடம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் அடுத்த பண்ணைக்குப் போய்விடும்.

பசும்பாதை ஒரு தார்ச்சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்கள் உண்டு. மரத் தடுப்பு இருக்கும். நாலு எட்டு வைத்தால் அந்தப் பக்கம். ரெஜிஸ் அங்கே இறங்கி, இடது பார்த்து, வலது பார்த்து, மறுபடி இடது பார்த்து, "இப்ப!" என்று கத்தி, எங்களை ஆடு ஓட்டுவதுபோல் ஓட்டி, அக்கரை சேர்ந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொள்வார். எதிரே எங்கோ ஒரு பால்வண்டி நின்று, எங்களுக்கு வழி விட்டு, ஓட்டுபவர் கைகூட அசைத்திருப்பார். மத்தியானச் சாப்பாட்டின்போது அவர் வாயில் அந்தப் பால்வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்கும்.

அவருக்குப் பிடிக்காதவை: கார், மோட்டார் வைத்த எதுவும், எதிர்காற்று, மற்ற சைக்கிள்காரர்கள். எதிர்காற்று அவருக்குப் போகும்போதும் உண்டு, வரும்போதும் உண்டு. மோட்டார் என்றால் ஜோஸெத்தின் மின்சார சைக்கிளும் அதில் சேர்த்தி. மூட்டு வலிக்காக அவள் வாங்கியது. "மோட்டார் வச்சதெல்லாம் சைக்கிளே இல்லை" என்பார். சொல்லிவிட்டுத் தன் மழைக்கோட்டு, பம்ப், ரொட்டி, ஒயின் பாட்டில் எல்லாவற்றையும் அந்தச் சைக்கிள் அல்லாத சைக்கிளின் பையில்தான் போடுவார். மற்ற சைக்கிள்காரர்கள் விஷயத்தில் கோபம் இன்னும் ஆழமானது. "லுவார் நதிக்கரைப் பாதை எவ்வளவு அருமையா இருந்துச்சு தெரியுமா? இப்ப ஹாலந்துக்காரங்க படை படையா வர்றாங்க. சந்தைக்கடை ஆயிடுச்சு." நீங்களும் அங்கே போனீர்களே என்று கேட்கக் கூடாது. அவர் போனது ரசிக்க. மற்றவர்கள் வந்தது கூட்டம்.

இவ்வளவும் எதற்காக? சாப்பாட்டுக்காக. பசும்பாதை வோப்ரே கிராமத்துக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்துவிடும். அங்கிருந்து ஊருக்குள் போகும் ஒற்றைச் சாலையில், மாதா கோயில் எதிரே, எலுமிச்சை மணம் வீசும் பெரிய லிண்டன் மரத்தடியில் ஒதிலின் சாப்பாட்டுக் கடை. ஒயின் குழம்பில் மிதக்கும் முட்டைக்காக ரெஜிஸ் எந்தக் கணவாயையும் ஏறுவார். ஒரே நிபந்தனை, ஒன்றரை மணிக்கு அடுப்பு அணையும். அதற்குமேல் குடியரசுத் தலைவர் வந்து கதவைத் தட்டினாலும் ஒதில், "நாளைக்கு வாங்க" என்றுதான் சொல்வாள்.

ஒதிலுக்குக் கொஞ்ச நாளாகவே கஷ்டம். மலைக்குப் பின்னால் கல்குவாரி ஓடிய காலத்தில் தினமும் கூடம் நிறையும். குவாரி மூடிவிட்டார்கள். இப்போது வாரநாட்களில் மேசைகள் சும்மா கிடந்தன. அந்தச் சமயத்தில்தான் மாவட்ட நிர்வாகம் பசும்பாதையை அடுத்த பள்ளத்தாக்கு வரை நீட்டப் போவதாகச் செய்தி வந்தது. வழி இரண்டு. ஒன்று, வோப்ரே ஊர்ச் சாலை வழியாக, ஒதிலின் வாசலைத் தொட்டுக்கொண்டு. மற்றது, மலைக்குப் பின்பக்கமாகக் காட்டுக்குள். அங்கே மனிதவாடையே கிடையாது.

"பின்பக்கமாப் போச்சுன்னா, திராட்சை அறுப்பு முடிஞ்சதும் கடைப் பலகையை இறக்கிடுவேன்" என்று ஒதில் எங்கள் மேசையில் தட்டுகளை வைத்துக்கொண்டே சொன்னாள். "ஷலோன்ல தங்கச்சி வீட்டு மாடி அறை காலியா இருக்கு. அவ டி.வி.யைச் சத்தமா வப்பா. என்ன பண்றது, பழகிக்க வேண்டியதுதான்."

ரெஜிஸ் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"நீ எங்கேயும் போகப் போறதில்லை, ஒதில். சங்கம் இருக்கு" என்றார்.

மாவட்ட நிர்வாகத்திலிருந்து இடம் பார்க்க வந்தவர் மதாம் தெஷான். கச்சிதமான பெண்மணி, ரப்பர் காலணி, எதையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார். ஆட்டுவது ஆமோதிப்பா இல்லையா என்று தெரியாது. ரெஜிஸ் அவரை லிண்டன் மரத்தடியில் நிறுத்தி, விரலை உதட்டில் வைத்தார்.

"கேட்குதா, மதாம்?"

"என்ன?"

"ஒண்ணுமே இல்லை! இது ரோடே இல்லை, மதாம். நாள் முழுக்க ஒரு தபால் வண்டி, ஒரு ரொட்டி வண்டி, ஒரு டிராக்டர். அந்த டிராக்டரும் பாதி நாள் ரிப்பேரு."

"அப்படின்னா ரொம்ப நல்லது, மிஸ்யே. கார் ஓட்டம் குறைவா இருந்தா ஊர்ச் சாலையிலேயே பாதையைக் கொண்டுபோகலாம்னு விதி இருக்கு. ஒரு வாரம் எண்ணிப் பார்த்துடுவோம்."

மறுநாள் சாலைக்குக் குறுக்கே ஒரு கறுப்பு ரப்பர் குழாயைப் போட்டு ஆணி அடித்தார்கள். அதன் நுனியில் ஒரு இரும்புப் பெட்டி. அதை மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டினார்கள். கார் ஏறினால் பெட்டி எண்ணிக்கொள்ளும். சைக்கிளைக் கணக்கில் எடுக்காது.

சும்மா இருந்திருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அன்பு என்பது சும்மா இருக்குமா?

ரெஜிஸ் அன்று சாயங்காலமே காரை எடுத்துக்கொண்டு போய், குழாய் சரியாகக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் காலை பனியில் அது கெட்டுப்போயிருக்குமோ என்று ஒரு தடவை. மத்தியானம், எதிர்க்கட்சிக்காரர்கள், அதாவது காட்டு வழியை ஆதரிக்கும் பக்கத்து ஊர்க்காரர்கள், வேண்டுமென்றே கார்களை ஓட்டிக் கணக்கை ஏற்றிவிடுவார்களோ என்று சந்தேகம் வந்துவிட்டது. உடனே சங்கத்தின் அவசரக் கூட்டம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: வோப்ரேயில் காவல் போடுவது. ஆளுக்கு ஒரு முறை, காலையிலிருந்து இருட்டும்வரை, கோயில் வாசல் பெஞ்சில்.

காவல் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு நாள் ரெஜிஸோடு நானும் போனேன், அவர் காரிலேயே. பெஞ்சில் பொருளாளர் ஈவோன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்படிப் போகுது, ஈவோன்?"

"ஈ காக்கா இல்லை, தலைவரே. காலையிலேருந்து ஒரு காரு? ம்ஹும்!"

அவர் வாய் மூடுவதற்குள் வளைவில் ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. குழாய்மேல் தடக் தடக் என்று ஏறி இறங்கியது. கோயில் பக்கம் போய்த் திரும்பி, மறுபடி தடக் தடக்.

"இது?" என்றேன் நான்.

"இதுவா? இது காரு இல்லைங்க. இது பெர்னாதெத். என்னை மாத்திவிட வந்திருக்கா."

பெர்னாதெத் இறங்கினாள். ஈவோன் தன் காரில் ஏறிப் போனார். தடக் தடக். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார், பெஞ்சில் மூக்குக் கண்ணாடியை வைத்துவிட்டாராம். தடக் தடக். எடுத்துக்கொண்டு போனார். தடக் தடக். ரெஜிஸ் இவை எல்லாவற்றையும் பூரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தீங்களா, எவ்வளவு அமைதி!" என்றார்.

இதற்கெல்லாம் சிகரம் ஞாயிற்றுக்கிழமை. ஒதிலுக்கு ஆதரவாக ஒரு மாபெரும் ஒற்றுமை விருந்து. கர்மொன் சங்கம் போதாதென்று சுற்றுவட்டாரத்தில் இருந்த சைக்கிள் சங்கங்கள், நடைப்பயணச் சங்கம், சர்ச் பாட்டுக் குழு, எல்லாருக்கும் சொல்லியனுப்பியிருந்தார் ரெஜிஸ். எல்லாரும் வந்தார்கள். நல்ல உடுப்பில் வரவேண்டியிருந்ததால் சைக்கிளைத் தொட முடியுமா? சாலையின் இரண்டு பக்கமும் கல்லறைத் தோட்டம் வரைக்கும் கார்கள். இடம் கிடைக்காதவர்கள் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கூடத்தில் குவாரி நாளைப் போலச் சத்தம். ஒதில் முகம் சிவக்கச் சிவக்கத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், கடைசியில் கை துடைத்துக்கொண்டே வாசல்படியில் உட்கார்ந்து, "இவ்வளவு பேரா என்மேல பிரியமா இருக்கீங்க!" என்று அழுதாள். நாங்களும் கொஞ்சம் அழுதோம். வெளியே ரப்பர் குழாய் பொறுமையாக எண்ணிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் மேயர் அலுவலகத்தில் கூட்டம். மதாம் தெஷான் ஒரு தாளை மேசைமேல் வைத்து, அதை நிமிர்த்தி, மறுபடி நிமிர்த்தினார்.

"நான் இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். இந்த மாதிரி ஒரு சின்ன ஊர்ல இப்படி ஒரு கார் ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை. பெட்டி பழுதோன்னு கழட்டிக்கூடப் பார்த்துட்டோம். இந்த ரோட்டுல சைக்கிள் பாதைங்கிற பேச்சுக்கே இடமில்லை." தலையை ஆட்டினார். "ஒண்ணு மட்டும் கேட்கணும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கே என்னதான் நடந்துச்சு? ஏதாவது பெரிய சாவா?"

ஈவோன் தன் காலணியைப் பார்த்தார். பெர்னாதெத் ஈவோனின் காலணியைப் பார்த்தாள்.

"சாப்பாடு" என்றாள் ஒதில், மூலையிலிருந்து.

பிறகு எழுந்து நின்றாள். "ரெஜிஸ், நீ என்னைக் காப்பாத்த வந்தியா, இல்லை அடக்கம் பண்ண வந்தியா?"

ரெஜிஸ் வாயைத் திறந்தார். "நம்ம ஆளுங்க காரு... அது வந்து..." என்று இழுத்தார். அதற்குமேல் என்ன சொல்வது? அந்த வாரம் அத்தனை பேரும் பெஞ்சில் உட்கார்ந்து சாலையைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. தன் காரும் தன் நண்பன் காரும் காராகத் தெரியாத ஒரு கண்நோய் இந்த இனத்துக்குப் பிறவியிலேயே உண்டு.

மதாம் தெஷான் நல்லவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இன்னொரு வாரம் எண்ணலாம், அதோடு சரி, அப்புறம் பேச்சில்லை என்றார்.

ஒதில் எங்கள் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் நல்லா கேட்டுக்கங்க. அந்த வாரம் கார்ல வர்றவங்களுக்குச் சோறு கிடையாது. சைக்கிள்ல வாங்க. வீட்டுலேருந்து சைக்கிள்ல."

"வீட்டுலேருந்தேவா?" என்றார் ரெஜிஸ்.

"பின்னே, ஆஸ்பத்திரிலேருந்தா?"

கர்மொன் சைக்கிள் சங்கத்தின் வரலாற்றில் இப்படி ஒரு சோதனை வந்ததில்லை. இவ்வளவு காலமும் சைக்கிள் என்பது காரின் பின்னால் கட்டிக்கொண்டு போகும் பொருள். இப்போது வீட்டு வாசலில் ஏறி, ஊர்த் தெருவைத் தாண்டி, மாவட்டச் சாலையில் ஒரு பகுதியைக் கடந்து, பசும்பாதையைப் பிடிக்க வேண்டும். திங்கட்கிழமை ஒருவரும் போகவில்லை. மழை வரும்போல் இருந்தது. செவ்வாய்க்கிழமை மழை வராததால், வந்துவிடும் என்று போகவில்லை. ஈவோனுக்கு முழங்கால். பெர்னாதெத்துக்கு ஈவோனின் முழங்காலைப் பற்றிய கவலை. குழாய் சும்மா கிடந்தது. ஒதிலின் மேசைகளும் சும்மா கிடந்தன. காய்ந்த ரொட்டியை அவள் கோழிக்குப் போடுவதாகப் பேக்கரிக்காரர் சொல்லிக் கேள்விப்பட்டோம். பாதை வாசலுக்கு வந்தாலும், அதற்குள் கடையே நின்றுவிட்டால் என்ன பயன்?

ரெஜிஸ் தன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். எனக்குச் சுவர் வழியாகவே கேட்டது.

"யாராவது போகணும், ஜோஸெத்!"

"ஆமா" என்றது அவள் குரல். "யாராவது போகணும்." பிறகு கதவு சாத்தும் சத்தம். ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஜோஸெத் தன் மின்சார சைக்கிளில் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தாள். ஒதிலின் கூடத்தில் தனியாக உட்கார்ந்து முட்டையும், அதற்குமேல் மாட்டுக்கறியும், அதற்குமேல் ஆட்டுப்பால் சீஸும் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பி வந்தாள். அன்று ரெஜிஸ் வீட்டில் சாப்பிட்டது டப்பா மத்தி மீன். மறுநாளும் அவள் போனாள். மறுநாளும் மத்தி மீன்.

வெள்ளிக்கிழமை அவர் கிளம்பினார். என்னையும் இழுத்துக்கொண்டுதான். கிளம்புவதற்கு முன் சக்கரத்துக்குக் காற்று, சங்கிலிக்கு எண்ணெய், உயிலைப் பற்றி ஜோஸெத்திடம் இரண்டு வார்த்தை. அவள், "முன்னாடியே கிளம்பு, ரெஜிஸ், அடுப்பு அணைஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள். மாவட்டச் சாலையில் ஏறியதும் அவர் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்ததில் விரல்கள் வெளுத்துவிட்டன. கார்கள் வந்தன. ஒவ்வொன்றாக வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, கடந்து போயின. ஒன்று மட்டும் ஹாரன் அடித்தது. பின்னால் இரண்டு சைக்கிள் கட்டியிருந்தது. எங்கள் சங்கத்துச் செயலாளர். குடும்பத்தோடு வேறொரு பசும்பாதைக்குப் போய்க்கொண்டிருந்தார். ரெஜிஸ் அவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

பசும்பாதையின் நடுவில் எனக்குச் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. நான் உட்கார்ந்து ஒட்டுப்போட்டேன். "நீங்க போங்க" என்று அவரை அனுப்பிவிட்டேன். ஆக, வோப்ரேக்குப் போகும் அந்த ஊர்ச் சாலையில் ரெஜிஸ் தன்னந்தனியாகப் போனார். எத்தனையோ தடவை போன சாலை; சைக்கிளில் தனியாகப் போனது அன்றுதான். பேசுவதற்கு ஆளில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சாலையோரத்தில், ஊருக்குக் கொஞ்சம் முன்னால், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. புல் அறுத்த வாசனை. தூரத்தில் யாரோ முளை அடிக்கும் சத்தம். ஒரு குயில் விடாமல் கூவிக்கொண்டிருந்தது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "கேட்குதா" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளில் ஏறினார். எனக்கும் பேசத் தோன்றவில்லை. அந்தப் பகலில் இரண்டு பேரும் மனதார சந்தோஷமாக இருந்தோம்.

ஒதிலின் வாசலில் இறங்கியபோது மணி ஒன்றரையைத் தாண்டிவிட்டது. ஜோஸெத் மரத்தடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். ஒதில் வாசலை மறித்து நின்றாள்.

"அடுப்பு அணைச்சாச்சு."

"தெரியும்" என்றார் ரெஜிஸ். வாதாடவில்லை. ஒதில் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வீட்டுலேருந்தா வர்றே?"

"வீட்டுலேருந்து."

அவள் உள்ளே போனாள். ரொட்டியும், பன்றித்தொடைத் துண்டுகளும், பாதி சீஸும் கொண்டுவந்து ஜோஸெத்தின் மேசைமேல் வைத்தாள். "இது சமையல் இல்லை. அதனால சட்டத்தை மீறலை" என்றாள். ரெஜிஸ் அதைச் சாப்பிட்ட அழகைப் பார்த்துவிட்டு ஒதில் உள்ளே போய் ஒரு பாட்டிலையும் எடுத்துவந்தாள்.

தலைவரே வீட்டிலிருந்து போய் உயிரோடு திரும்பியது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சனிக்கிழமை ஈவோன் முழங்காலோடு போனார். அவர் பின்னாலேயே ஒரு கூட்டமே போயிற்று. ஞாயிறன்று கோயில் சுவர் முழுக்கச் சைக்கிள்கள் சாய்ந்து கிடந்தன. கூடத்தில் உட்கார இடமில்லை. வெளியே பெட்டி கிட்டத்தட்ட தூங்கிக்கொண்டிருந்தது. தபால் வண்டி, ரொட்டி வண்டி, டிராக்டர். அந்த வாரம் டிராக்டர் ஓடியது.

மதாம் தெஷான் தாளை ஒரே தடவை நிமிர்த்தினார். தலையை ஆட்டினார். அடுத்த வசந்தத்தில் ஒதிலின் சுவரில் சைக்கிள் படம் போட்ட சின்னப் பச்சைப் பலகையை அடித்தார்கள். இப்போது மே மாதத்தில் போனால் ஹாலந்துக்காரர்கள், ஜெர்மானியர்கள், பாரிஸ்காரர்கள் எல்லாரும் அங்கே ஒயின் குழம்பை ரொட்டியால் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஒதில் உதவிக்கு ஓர் ஆள் வைத்துக்கொண்டிருக்கிறாள். தங்கச்சி வீட்டு மாடி அறையை வேறு யாருக்கோ வாடகைக்கு விட்டாயிற்று.

இத்தோடு கதை முடிந்தால் அன்பர் திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைப்பீர்கள். போன மாதம் ரெஜிஸ் வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து என்னைக் கூப்பிட்டார். முகத்தில் கவலை.

"வோப்ரேயைப் பார்த்தீங்களா? ஒரே கூட்டம். சைக்கிளோட கார்ல வர்றவங்களுக்காக மேயர் இப்ப பார்க்கிங் வேற கட்டுறாராம். இவங்களெல்லாம் வீட்டுல இருக்கக் கூடாதா?" குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு பாதை கண்டுபிடிச்சிருக்கேன். பழைய கால்வாய்க் கரை. ஒரு ஜீவன் கிடையாது. ஒரு மணி நேரம் கார்ல போனா போதும். ஞாயித்துக்கிழமை வர்றீங்களா? இன்னும் பத்துப் பதினஞ்சு பேருக்குத்தான் சொல்லியிருக்கேன்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். நமக்குச் சைக்கிளும் இல்லை, பர்கண்டியும் இல்லை, இந்த இனத்துக்கும் நமக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது என்று நினைக்கிறீர்கள். போன கோடை விடுமுறைக்கு மலைக்குப் போனீர்களே? கொண்டை ஊசி வளைவில் மூன்று மணி நேரம் வண்டி நகரவில்லை என்று ஊர் திரும்பியதும் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னீர்களே? அடுத்த தடவை அப்படி நிற்கும்போது, "இவ்வளவு பேரும் எங்கேயிருந்துதான் கிளம்பி வர்றாங்களோ!" என்று அலுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அலுத்துக்கொண்டபிறகு கண்ணாடியில் ஒரு தடவை பாருங்கள். பின்னால் நிற்கும் காரில் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார், உங்கள் வண்டியைக் கை நீட்டிக் காட்டி.